ஓப்பரெட்டாவை ஒப்புக்கு மேடையேற்றாதீர்கள்: ஜெர்மன் ஓபரா அரங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்மனியின் ஓபரா அரங்கங்களை நடத்தும் தலைவர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் மாநில, மாநகர அவைகளுக்கும்,

வணக்கம்.

அன்னெலீஸெ ரோட்டன்பெர்கர் என்ற சொப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண்குரல்) பாடகியை முன்வைத்து உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்க வந்திருக்கிறேன். உங்கள் அரங்குகளின் நிரந்தரப் பாடகர் குழுக்களில் கைவைக்காதீர்கள். ஓபராவுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை, வசனமும் நடனமும் கலந்த லேசான இசைநாடகமான ஓப்பரெட்டாவுக்கும் கொடுங்கள். முதலாவது நிதி சம்பந்தப்பட்டது, அடுத்தது ரசனை சம்பந்தப்பட்டது, இரண்டையும் ஏன் ஒரே மடலில் எழுத வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பாடகியின் வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. உங்கள் அரங்குகளுக்குச் சீட்டு வாங்கி வரும் தமிழர்கள் இங்கே பலர் இருக்கிறோம். அவர்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். ஜெர்மன் வடிவம் உங்களுக்குத் தனியாக வரும்.

ரோட்டன்பெர்கர் 1919 ஜூன் 19 அன்று மன்ஹைமில் பிறந்தார். நாடகாசிரியர் ஷில்லரின் முதல் நாடகம் 1782இல் அரங்கேறிய ஊர் அது. நாடக அரங்கம் என்பது ஊர்க்காரர்களின் அன்றாடத்தில் கலந்த ஒன்று. அங்கேயே இசை படித்துவிட்டு, 1943இல் கோப்லென்ட்ஸ் நகர அரங்கில் மேடையேறினார். போர் உச்சத்தில் இருந்த நேரம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாட்டிலுள்ள எல்லா அரங்குகளையும் மூடும்படி உத்தரவு வந்தது. தொழிலுக்கு வந்த கையோடு தொழிலே இல்லாமல் போன தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

அவரை உருவாக்கியது ஹாம்பர்க். 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் ஹாம்பர்க் ஓபராவின் பார்வையாளர் கூடம் எரிந்து போனது. மேடைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த இரும்புத் திரை தீயைத் தடுத்து நிறுத்தியதால் மேடைப் பகுதி மட்டும் தப்பியது. போர் முடிந்ததும் அங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதுக் கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தப்பிய அந்த மேடை மேலேயே சுமார் 600 நாற்காலிகளைப் போட்டு, மிச்சமிருந்த இடத்தில் பாடகர்களை நிறுத்தி, 1946 ஜனவரியில் ஓபராவைத் தொடங்கிவிட்டார்கள். ஊரில் பாதி இடிபாடு. கரி இல்லை, ரொட்டிக்கு ரேஷன். அந்த நிலையிலும் ஒரு மாநகரம் தன் ஓபராவுக்கு ஒரு குழுவை மாதச் சம்பளத்தில் அமர்த்தியது. அந்தக் குழுவைக் கட்டிய குந்தர் ரென்னர்ட், அதே ஆண்டு ரோட்டன்பெர்கரைச் சேர்த்துக்கொண்டார். ‘இந்த நிலைமையில் கலைக்குப் பணமா’ என்று பட்ஜெட் கூட்டங்களில் கேட்பவர்களுக்கு இந்த 1946ஐ நினைவுபடுத்துங்கள்.

பத்தாண்டுக்கு மேல் அவர் அங்கே இருந்தார். மொத்தக் கதையும் அந்தப் பத்தாண்டில்தான் இருக்கிறது என்பேன். ஜெர்மன் அரங்குகளில் குரல்களை வகை பிரிப்பார்கள். துள்ளலான இளம்பெண், குறும்புக்கார வேலைக்காரி, ஆண் வேடமிட்ட சிறுவன் போன்ற பாத்திரங்களைப் பாடும் லேசான குரலுக்கு சூப்ரெட் என்று பெயர். அந்த இடத்தில்தான் அவர் தொடங்கினார். மொஸார்ட்டின் ஃபிகரோவில் செருபீனோ, வெர்டியின் முகமூடி நடனத்தில் ஆஸ்கர், புச்சினியின் லா போயெமில் முஸெட்டா. இவற்றில் எதுவும் கதாநாயகி வேடம் இல்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் வேறு வேறு இசையமைப்பாளர், வேறு வேறு மொழிநடை, வேறு வேறு நடிப்பு. இன்றைக்குச் சிறுவன், நாளன்றைக்குக் குலுக்கி மினுக்கும் பெண். நடுவில் ஒரு ஓப்பரெட்டா, அப்புறம் ஒரு புத்தம்புதிய இசைநாடகம். பக்கத்தில் நின்று பாடும் மூத்தவர் எங்கே மூச்சு எடுக்கிறார், எங்கே குரலைச் சேமிக்கிறார் என்று தினமும் பார்க்கலாம். பாட வராத இரவும் வரும். மறுநாள் சம்பளம் நிற்காது. குழு 1952இல் எடின்பரோ விழாவுக்குப் போனபோது அவரும் போனார். 1954இல் சால்ஸ்பர்க் விழாவில் ரோல்ஃப் லீபர்மனின் ‘பெனலோபே’ முதன்முதலாக மேடையேறியபோது அதில் ஒரு வேடம் அவருக்கு. 1957இல் அதே லீபர்மனின் ‘பெண்களின் பள்ளி’யில் ஆக்னெஸ். முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் உலகம் அவர் பெயரைக் கேட்கத் தொடங்கியது. அது வரைக்கும் அவரைப் பொறுமையாக வைத்திருந்து, வேடம் கொடுத்து, குரல் முதிரக் காத்திருந்தது ஒரு நகர அரங்கம்.

இப்போது அந்த இடத்தில் என்ன நடக்கிறது? இது உங்களுக்கே நன்றாகத் தெரியும், ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேடைக் கலைஞர்களுக்கான ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது. அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்றால் அக்டோபர் 31க்குள் அரங்கம் கடிதம் கொடுக்க வேண்டும்; எட்டு ஆண்டுக்கு மேல் இருந்தவருக்கு அதற்கும் முந்தைய ஜூலை 31க்குள். 15 ஆண்டு ஓரிடத்தில் இருந்துவிட்டால் அந்த வழியில் வெளியே அனுப்ப முடியாது. அதனாலேயே 13, 14 ஆண்டுகள் பாடியவர்கள் அந்தக் கடிதம் வரக்கூடிய மாதங்களை வயிற்றில் புளியைக் கரைத்தபடி கடத்துகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. விருந்தாளிப் பாடகரை இரவுக்கு இவ்வளவு என்று பேசி அழைத்துக்கொள்கிறார்கள். பெர்லின் 2025க்கான பண்பாட்டு நிதியில் சுமார் 130 மில்லியன் யூரோவை வெட்டியபோது, மற்ற நகரங்களும் கத்திரியைத் தேட ஆரம்பித்துவிட்டன. கட்டடத்தில் வெட்ட முடியாது, மின்சாரத்தில் வெட்ட முடியாது. கடைசியில் வெட்டு விழுவது ஆட்கள் மேல்தான். 27 வயதில் ஆஸ்கர் பாட வேண்டிய பெண்ணுக்குக் குழுவில் இடம் இல்லையென்றால், 40 வயதில் அவர் பாடியிருக்கக்கூடிய பெரிய வேடங்கள் எங்கிருந்து வரும்?

ரோட்டன்பெர்கருக்கு அவை வந்தன. 1958 முதல் வியன்னா அரசு ஓபரா. 1959இல் இங்கிலாந்தின் கிளைன்ட்போர்ன் விழாவில் ரிஹார்ட் ஸ்ட்ராஸின் ‘டெர் ரோஸன்கவாலியெர்’ ஓபராவில் சோஃபி. 1960 நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் ‘அரபெல்லா’வின் ஸ்டெங்காவாக முதல் மேடை. இரண்டு பெண்களை ஊருக்குள் காட்டிக் கல்யாணம் செய்து கொடுக்கக் காசில்லாத வீட்டில், இளையவளைப் பையனாக வளர்க்கிறார்கள். அந்த இளையவள்தான் ஸ்டெங்கா. பையன் உடுப்புக்குள் இருக்கும் பெண்ணின் தவிப்பைப் பாட, பல வருடம் செருபீனோவாக நின்று பழகிய உடம்பு வேண்டும். மியூனிக்கில் 1963இல் லீஸா டெல்லா காஸா, டீட்ரிஹ் ஃபிஷர்-டீஸ்காவ் ஆகியோருடன் அவர் பாடிய அரபெல்லா ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. அக்காவும் தங்கையும் பாடும் அந்த முதல் அங்கத்து இருவர் பாட்டை மட்டுமாவது கேளுங்கள்.

சோஃபியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் அங்கத்தில் வெள்ளி ரோஜாவோடு இளைஞன் ஒக்டாவியன் வருகிறான். சோஃபி ரோஜாவை முகர்கிறாள். இசைக்குழுவில் செலெஸ்டா, புல்லாங்குழல், ஹார்ப் எல்லாம் சேர்ந்து மினுக்குகின்றன. அவள் குரல் மெதுவாக மேலே ஏறி, ஏறி, உச்சத்தில் போய் நிற்க வேண்டும். அந்த உச்சியில் சத்தம் கூடக் கூடாது. கான்வென்ட்டிலிருந்து நேராக வந்த பெண் முதல்முறை காதலைச் சந்திக்கிற நொடி அது. குரல் வலிமை காட்டினால் அந்தப் பெண் காணாமல் போய்விடுவாள். 1960இல் காரயான் இசை நடத்த சால்ஸ்பர்கில் படமாக்கப்பட்ட ரோஸன்கவாலியெரில் ஸ்வார்ட்ஸ்கோஃப், ஸேனா யூரினாட்ஸ் என்ற இரண்டு ஜாம்பவான்களுக்கு நடுவே ரோட்டன்பெர்கர் நிற்கிறார். அவருடையது பெரிய குரல் அல்ல. ஆனால் அந்த இடத்தில் ஒரு நூலைக் கோர்ப்பது போல அவர் சுரங்களைக் கோர்த்துக்கொண்டு மேலே போகிறார். முகத்தில் திகைப்பும் வெட்கமும் ஒரே நேரத்தில் தெரிகின்றன.

சரி, இனி ஓப்பரெட்டாவுக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு இந்தப் பாடகியின் பெயரைக் கேட்டதும் மனதில் வருவது தொலைக்காட்சியும், பூப்போட்ட கவுனும், வால்ட்ஸும்தான். ‘ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டிமார்கள் பார்க்கும் இசை’ என்று ஒதுக்குவதற்கு அவர் பெயரையே ஓர் அடையாளமாக்கிவிட்டார்கள். அப்படி ஒதுக்குபவர்கள் 1967, 68 ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பார்க்கட்டும். சூரிக் ஓபராவில் ஸூட்டர்மைஸ்டரின் புதிய ஓபரா ‘மதாம் போவாரி’யில் எம்மாவாக அவர் மேடையேறியது 1967இல். லெஹாரின் ஓப்பரெட்டாக்களான ‘உல்லாச விதவை’யில் ஹன்னா, ‘புன்னகை தேசத்தில்’ லீஸா என்று நிக்கோலாய் கெடாவோடு இசைத்தட்டுக்குப் பாடியதும் அந்தக் காலத்தில்தான். ஹாம்பர்க் அரசு ஓபராவின் குழுவோடு ஆல்பன் பெர்கின் ‘லுலு’வை முழு இசைத்தட்டாகப் பதிவு செய்தது 1968. லுலு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரு சுர முறையில் எழுதப்பட்டது. பேச்சு, பேச்சும் பாட்டும் கலந்தது, அதிவேகச் சுரக்கோவை, எல்லாம் ஒரே பாத்திரத்துக்குள். பெர்க் 1935இல் இறந்தபோது மூன்றாம் அங்கம் முடியாமல் கிடந்தது. 1979இல்தான் பாரிஸில் முழு வடிவம் மேடை கண்டது. அந்த வசதியெல்லாம் வருவதற்கு முன்பே அவர் அந்த மலையில் ஏறினார். லுலுவைப் பாடிய அதே தொண்டைதான் ஹன்னாவையும் பாடியது. ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றைப் பொழுதுபோக்கு என்றும் அவர் பிரித்து, உழைப்பைக் குறைத்துக்கொண்டதாக அந்தப் பதிவுகளில் எங்கும் எனக்குக் கேட்கவில்லை.

உல்லாச விதவையின் இரண்டாம் அங்கத்தில் வரும் வில்யா பாட்டையே எடுத்துக்கொள்வோம். காட்டுத் தேவதையைக் கண்டு மயங்கிய வேடனின் கதை. எளிய மெட்டு, யார் வேண்டுமானாலும் முணுமுணுக்கலாம். ஆனால் மேடையில் பாடுவது வேறு. முதல் சரணத்தைக் கதை சொல்வது போலச் சொல்ல வேண்டும்; சொற்கள் கடைசி வரிசை வரை புரிய வேண்டும். பல்லவி திரும்ப வரும்போது அதே மெட்டு, ஆனால் அதே மாதிரி பாடினால் சலித்துவிடும். முடிவில் உச்ச சுரம் மெல்லியதாக, காற்றில் விட்டது போல நிற்க வேண்டும். இதற்கெல்லாம் நடுவே ஹன்னா ஒரு விருந்தில் இருக்கிறாள், பழைய காதலன் டனிலோ அவள் மனதில் இருக்கிறான் என்பதும் தெரிய வேண்டும். அடுத்த நிமிடமே வசனம், அதற்கடுத்து நடனம். பாடி முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் பேச வேண்டும், பேசி முடித்துவிட்டு ஆட வேண்டும். ஓபராவில் இந்த மூன்றாவது சுமை பெரும்பாலும் இல்லை. 1955இல் பவலும் பிரஸ்பர்கரும் எடுத்த ‘ஓ... ரோஸலிண்டா’ என்ற படத்தைப் பாருங்கள். யோஹான் ஸ்ட்ராஸின் (ரிஹார்ட் அல்ல) ‘ஃப்ளெடர்மாவுஸ்’ ஓப்பரெட்டாக் கதையை, நான்கு நாட்டுப் படைகள் பங்கு போட்டிருந்த வியன்னாவுக்கு மாற்றி எடுத்தது. கதாநாயகியாக நடித்தவருக்கு வேறொரு பாடகி குரல் கொடுத்தார். வேலைக்காரி அடேலாக வரும் ரோட்டன்பெர்கர் தானே நடித்து, தானே பாடினார். ஹாம்பர்க் குழு கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இப்படிப்பட்ட வேடங்களுக்கு இன்று உங்களில் பலர் என்ன கொடுக்கிறீர்கள்? ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. வாக்னருக்கு மாதக்கணக்கில் ஒத்திகை. ஓப்பரெட்டாவுக்கு, டிசம்பர் 31 இரவு கூட்டம் நிரம்பும் என்பதால் பழைய தயாரிப்பைத் தூசு தட்டி எடுத்து, சில நாள் ஒத்திகை. ஒரு நகர அரங்கில் சமீபத்தில் உல்லாச விதவை பார்த்தேன். எல்லோருக்கும் கன்னத்தில் ஒட்டிய மைக். பாடகிக்கு நல்ல குரல்தான், ஆனால் ஒலிபெருக்கி வழியே எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் வந்து விழுந்தது. வில்யாவின் கடைசிச் சுரம் மெல்லியதா பலமானதா என்றே தெரியவில்லை. வசனத்தைப் பாதிக்கு மேல் வெட்டி, அந்த இடத்தில் உள்ளூர் அரசியல் துணுக்குகளைச் செருகியிருந்தார்கள். கூட்டம் சிரித்தது. ஆனால் ஹன்னாவும் டனிலோவும் ஏன் ஒருவரையொருவர் இத்தனை நேரம் சுற்றி வருகிறார்கள் என்பது எவருக்கும் புரிந்திருக்காது.

ரோட்டன்பெர்கரின் ஓப்பரெட்டா இசைத்தட்டுகளும் குறையில்லாதவை என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காலத்துப் பதிவுகளில் வயலின்களில் சர்க்கரை அதிகம். 1920களின் பெர்லின் ஓப்பரெட்டாவில் இருந்த ஜாஸும் கூர்மையும் குத்தலும் போருக்குப் பிந்தைய வடிவங்களில் மழுங்கிவிட்டன. ஏன் மழுங்கின என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ‘புன்னகை தேசம்’ 1929 அக்டோபரில் பெர்லின் மெட்ரோபோல் அரங்கில் அரங்கேறியது. அதற்கு லுட்விக் ஹெர்ட்ஸரோடு சேர்ந்து வரிகள் எழுதியவர் ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா. யூதர். 1938இல் வியன்னாவில் கைது செய்யப்பட்டு டாஹாவ், பூஹன்வால்ட் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார். 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் அதே ஆண்டு கொல்லப்பட்டார்கள். ‘உன்னுடையதே என் இதயம் முழுதும்’ என்ற அவருடைய வரியை அந்த நாடு முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. ஓப்பரெட்டா இசையமைப்பாளர்கள் இம்ரே கால்மானும் பவுல் ஆப்ரஹாமும் நாட்டை விட்டுத் தப்பினார்கள். எழுதியவர்கள், இசையமைத்தவர்கள், பாடியவர்கள் என்று ஒரு கலையையே உருவாக்கிய மனிதர்களைத் துரத்தியும் கொன்றும் தீர்த்த பிறகு, மிச்சமிருந்ததை இனிப்பாக்கித்தான் மறுபடி மேடையேற்ற முடிந்தது. ரோட்டன்பெர்கரின் தலைமுறை அந்த மிச்சத்தைப் பெற்றுக்கொண்ட தலைமுறை. அவர்களால் முடிந்தது, பாட்டைப் பாட்டாக, குறைவில்லாமல் பாடி அடுத்தவர்கள் கையில் கொடுத்தது. அதற்காக அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

தொலைக்காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களில் இரண்டாம் ஜெர்மன் தொலைக்காட்சியில் அவர் சொந்த நிகழ்ச்சி நடத்தினார். இளம் பாடகர்களை அழைத்து வந்து அறிமுகப்படுத்தினார். ஓபரா அரங்கின் படியே ஏறாத வீடுகளில் சொப்ரானோ என்றால் அவர் முகம்தான். விமர்சகர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ரிஹார்ட் ஸ்ட்ராஸும் பெர்கும் பாடியவர் இப்படி இறங்கலாமா என்றார்கள். இன்று உங்கள் கூட்டங்களில் ‘புதிய பார்வையாளர்களை எப்படிக் கொண்டுவருவது’ என்று தனியாக ஆட்களை அமர்த்தி யோசிக்கிறீர்கள். அவர் அந்த வேலையைத் தனியாளாகச் செய்தார். 2010 மே மாதம் சுவிட்சர்லாந்தின் போடன்ஸே ஏரிக்கரையில் இறந்தபோது 90 வயது.

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது, அது அநியாயம். டிரெஸ்டனில் ஓப்பரெட்டாவுக்கென்றே ஓர் அரசு அரங்கம் இருக்கிறது. லைப்ஸிகில் மூஸிகாலிஷெ கொமோடீ, மியூனிக்கில் கெர்ட்னர்பிளாட்ஸ் அரங்கம் இருக்கின்றன. பழைய மெட்ரோபோல் கட்டடத்தில் இயங்கிய பெர்லின் கோமிஷெ ஓபரில் இயக்குநர் பாரி கோஸ்கி 2013இல் ஆப்ரஹாமின் ‘சவாய் நடன விருந்து’ ஓப்பரெட்டாவை மீட்டெடுத்தபோது, ஜாஸும் கூர்மையும் குத்தலும் திரும்ப வந்தன, கூட்டமும் வந்தது. ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனால் இந்த அரங்குகள் இருப்பதையே சாக்காக வைத்து ‘ஓப்பரெட்டா அவர்கள் வேலை’ என்று மற்றவர்கள் கைகழுவி விடக் கூடாது. நாட்டில் பொதுப்பணத்தில் இயங்கும் ஓபரா அரங்குகள் ஏறக்குறைய 80. அவற்றில் பெரும்பாலானவை நடுத்தர, சிறிய நகரங்களில் இருக்கின்றன; ரோட்டன்பெர்கர் தொடங்கிய கோப்லென்ட்ஸ் மாதிரி ஊர்களில். இளம் சொப்ரானோவுக்கு முதல் சம்பளம் கொடுப்பதும் அந்த அரங்குகள்தான், ஓப்பரெட்டாவை எழுதியபடி மேடையேற்றப் போதுமான இசைக்குழுவும் கோரஸும் வைத்திருப்பதும் அவைதான்.

ஆகவே அடுத்த பருவத்துக்கான திட்டத்தை எழுத உட்காரும்போது இவற்றைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குழுவில் காலியாகும் ஒவ்வொரு இடத்தையும் விளம்பரம் செய்து நிரப்புங்கள், முக்கியமாக லேசான குரல்களுக்கான இடங்களை. முதலில் பலியாவது அவைதான். 13ஆம் ஆண்டில் இருக்கும் பாடகரை 15ஐத் தொடவிடாமல் அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். பருவத்துக்கு ஓர் ஓப்பரெட்டாவையாவது புதிய தயாரிப்பாக, உங்கள் சிறந்த பாடகர்களை வைத்து, ஒரு மொஸார்ட் ஓபராவுக்குக் கொடுக்கும் அத்தனை நாள் ஒத்திகையோடு, மைக் இல்லாமல் மேடையேற்றுங்கள். நிகழ்ச்சி ஏட்டில் லோனர்-பேடா போன்றவர்களின் பெயருக்குக் கீழே அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் அச்சிடுங்கள். நிதி ஒதுக்குபவர்களிடம் ஒரு கூடுதல் வேண்டுகோள்: அரங்கத்தின் செலவுக் கணக்கைக் கேட்கும்போது, குழுவில் எத்தனை பாடகர்கள் இருக்கிறார்கள், பத்தாண்டுக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த எண்ணை வருடா வருடம் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஜெர்மனியில் வாழும் ஓர் ஓபரா ரசிகை